ஏற்காட்டு மிளகுத் துண்டு ஏன் கொடியாக ஏறவில்லை?

ஏற்காட்டிலிருந்து கொண்டுவந்து சேலத்தில் தொட்டியில் நட்ட மிளகு, பூத்தும் மேலே ஏறவில்லை என்கிறீர்கள். காரணம், தாய்க்கொடியில் துண்டு வெட்டிய இடம்.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களின் சில்வர் ஓக் மரங்களைக் கவனியுங்கள். கணுதோறும் பற்றுவேர் விட்டு நேராக ஏறுவது மிளகின் ஒரு வகைத் தண்டு. அதிலிருந்து பக்கவாட்டில் நீண்டு காய்ப்பது இன்னொரு வகை. இதற்குப் பற்றுவேர் கிடையாது. பக்கக் கிளையை நட்டால், தனிச் செடியான பின்பும் பழைய சுபாவத்தை விடாது. புதராகவே நின்று காய்க்கும். இத்தனைக்கும் இரண்டுக்கும் மரபணு ஒன்றுதான்!

கொடியே வேண்டுமென்றால், அடியில் தரையோடு ஓடும் தண்டில் இரண்டு, மூன்று கணுக்கள் உள்ள துண்டாக எடுங்கள். காய்க்கச் சில ஆண்டுகள் ஆகும். என்னைக் கேட்டால், தொட்டிக்குப் புதர் மிளகே மேல். சேலத்துக் கோடை வெயில் மட்டும் நேரே படக்கூடாது.