கீரைக்கா இவ்வளவு பாடு?

அன்புள்ள அக்கா,

ஆன்லைனில் இரண்டு பாக்கெட் அமராந்தஸ் விதை வாங்கினேன். ஒன்று மூவண்ண இலை வகை, இன்னொன்று சிவப்புச் சரம் தொங்கும் வகை. மொட்டை மாடியில் பச்சை வலைக்குக் கீழே நாற்றுவிட்டு, தொட்டிக்கு மாற்றி, வாரம் தவறாமல் கடலைப் புண்ணாக்குக் கரைசல் ஊற்றுகிறேன். நெடுநெடுவென வளர்ந்து சாய்கிறது. படத்தில் இருந்த சிவப்பும் மஞ்சளும் வரவில்லை. இலைகள் வேறு சுருட்டிக்கொள்கின்றன. எதிர்வீட்டு அத்தை, "கீரைக்கா இவ்வளவு பாடு?" என்று சிரிக்கிறார். இதைச் சமைக்கலாமா என்றும் சொல்லுங்கள்.

ம., ஈரோடு

அன்புள்ள ம.,

அத்தை சொல்வது சரிதான், அது கீரையேதான். மூவண்ணம் என்று நீங்கள் வாங்கியது நம் தண்டுக்கீரையின் இனம், இலை நிறத்துக்காகப் பொறுக்கியெடுத்த ரகம், அவ்வளவுதான். சரம் தொங்குவது ஆண்டீஸ் மலைப்பக்கத்துத் தானியப் பயிர், பெருவில் கிவிச்சா என்ற பெயரில் இன்றும் விளைகிறது. பூந்தோட்டத்தில் கீரைக்கு என்ன வேலை என்று அத்தை கேட்டால், அவர் வாசலில் கோழிக்கொண்டையோ வாடாமல்லியோ நிற்கிறதா என்று பாருங்கள், இரண்டும் இதே குடும்பம்.

உங்கள் செடிக்கு நோய் எதுவும் இல்லை, சொகுசுதான் அதிகம். முதலில் அந்தப் பச்சை வலையை எடுங்கள். வெயிலில் காய்ந்தால்தான் இதற்கு நிறம் ஏறும், நிழலில் வெளிச்சத்தைத் தேடித் தண்டு மெலிந்து நீண்டுகொண்டே போகும், அப்புறம் ஒரு காற்றடித்தால் படுத்துவிடும். அடுத்தது புண்ணாக்கு. பறித்துச் சமைக்கிற கீரைக்கு அதிலிருக்கும் தழைச்சத்து நல்லது, தளதளவென்று இலை வரும். அழகுக்கு வளர்ப்பதில் அதே தழைச்சத்து பச்சையைக் கூட்டி நிறத்தை அமுக்கிவிடுகிறது. தொட்டி மண்ணில் ஆரம்பத்தில் கலந்த மக்கிய எருவே போதும். தண்ணீரும் மேல்மண் காய்ந்த பிறகு விட்டால் போதும்.

நிறம் வரவில்லை என்று இப்போதே முடிவுகட்டாதீர்கள். பாக்கெட்டில் போட்டிருப்பது செடியின் கடைசிக் காலத்துப் படம். இளஞ்செடி பச்சையும் மங்கிய மெரூனுமாக, அழகு என்று சொல்ல ஒன்றும் இல்லாமல்தான் நிற்கும். பூக்கும் பருவம் நெருங்கும்போது உச்சியில் வரும் புது இலைகள் மட்டும் மஞ்சளும் சிவப்புமாக மாறத் தொடங்கும், அடியிலைகள் பழையபடியே இருக்கும். பகல் நேரம் குறைவாக இருக்கும் காலத்தில் இது சீக்கிரம் நடக்கும். அதனால் இதைச் சித்திரையில் விதைப்பதைவிட, ஐப்பசி மழை ஓய்ந்து கார்த்திகைக் கடைசியில் விதைப்பதுதான் எனக்குப் பிடித்த கணக்கு. சர வகைக்கு இது இன்னும் முக்கியம், அடைமழையில் நனைந்து கனத்த சரம் அழுகிப்போகும், சில நேரம் செடியையே சாய்த்துவிடும்.

அடுத்த முறை நாற்றுவிட்டு மாற்றாமல் தொட்டியிலேயே நேராக விதையுங்கள், பிடுங்கி நடும்போது வேர் அறுந்தால் செடி தேறாமலே சீக்கிரம் பூவுக்குப் போய்விடும். விதை கடுகைவிடச் சின்னது, கையால் தூவினால் ஒரே இடத்தில் கொத்தாக விழும், அதனால் காய்ந்த மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லிசாக மண்ணைச் சலித்துவிட்டால் போதும். எறும்பு இழுத்துப் போவதும் உண்டு, தொட்டியைச் சுற்றி ஒரு பிடி நொய்யைப் போட்டுவைத்தால் அதன் கவனம் அந்தப் பக்கம் போகும். முளைத்ததும் நெருக்கமாக நிற்பவற்றை மனதைக் கல்லாக்கிக்கொண்டு பிடுங்கிக் கலைத்துவிடுங்கள். பெரிய தொட்டிக்கு ஒரு செடி, தரையில் என்றால் ஒன்றரை அடிக்கு ஒன்று. மூவண்ணத்துக்கு ஒரு சாண் உயரத்தில் நுனியைக் கிள்ளினால் கிளைக்கும். சர வகையைக் கிள்ளினால் சரம் எண்ணிக்கையில் கூடி நீளத்தில் குறையும், நான் கிள்ளுவதில்லை, ஒரு மூங்கில் குச்சியை ஊன்றித் தளர்வாகக் கட்டிவிடுவதோடு சரி.

இலை சுருட்டுவது புழு. சுருண்ட இலையைப் பிரித்தால் நூலாம்படைபோன்ற வலைக்குள்ளே பச்சைப் புழு இருக்கும், சதைப்பகுதியைச் சுரண்டித் தின்று இலையைக் காகிதம்போல விட்டுவைத்திருக்கும். நாலைந்து செடிதானே, காலையில் அந்த இலைகளைக் கிள்ளி நசுக்குங்கள், மீறினால் வேப்பெண்ணெய்க் கரைசல். இலைக்கு அடியில் வெள்ளைக் கொப்புளம் தெரிந்தால் அது வேறு, பூஞ்சணம், அந்த இலையை அகற்றிவிட்டு மாலையில் செடிமேல் தண்ணீர் தெளிப்பதை நிறுத்துங்கள்.

சமைக்கலாம், இளசாகப் பறித்தால் பொரியலுக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் பாக்கெட் விதையில் மருந்து தடவியிருக்கலாம், அதை வாயில் போடாதீர்கள். விதை எடுக்க, பூ முற்றியதும் உள்ளங்கையில் தேயுங்கள், மூவண்ண வகையில் கறுப்பாகப் பளபளவென்று உதிரும். பக்கத்திலேயே தண்டுக்கீரை பூத்திருந்தால் மகரந்தம் கலந்து அடுத்த தலைமுறையில் நிறம் மாறலாம். அது பரவாயில்லை என்பது என் கட்சி. இன்னொன்று, வெளியூர் விதைக்குக் காசு கொடுப்பதற்கு முன் சந்தையில் சிவப்புத் தண்டுக்கீரை விதை பத்து ரூபாய்க்கு வாங்கி, ஒரே ஒரு செடியைப் பறிக்காமல் பூக்க விட்டுப் பாருங்கள். பூவோடு கருஞ்சிவப்புத் தண்டும் சேர்ந்து கிடைக்கும், தொட்டிக்கு வெளியே உதிர்ந்து தானாக முளைப்பதை வாரம் ஒருமுறை பிடுங்கிப் பருப்பில் போட்டுக்கொள்ளலாம்.