ஏழு நாள், மூன்று பூங்கா: பெற்றோரோடு ஒரு கார்ப் பயணம்

கேள்வி: டல்லாஸில் இருக்கிறோம். கோவையிலிருந்து அப்பாவும் (71) அம்மாவும் (66) வந்திருக்கிறார்கள். ஜூன் நடுவில் லாஸ் வேகஸ் வரை விமானம், அங்கிருந்து வாடகைக் கார். ஏழு நாளில் யூட்டாவின் ஐந்து தேசியப் பூங்காக்களும் கிராண்ட் கேன்யனும் பார்க்க ஆசை. அம்மாவுக்கு முழங்கால் வலி. எப்படித் திட்டமிடலாம்?

பதில்: ஏழு நாளில் ஆறு பூங்கா என்றால் தினமும் பெட்டி கட்டுவதும் காரில் உட்கார்ந்திருப்பதுமாகவே போய்விடும். முழங்கால் வலிக்காரருக்கு மணிக்கணக்கில் காலை மடக்கி உட்காருவதும் பெரிய தொல்லைதான். ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ், கேப்பிட்டல் ரீஃப் மூன்றும் கிழக்கே தள்ளி இருப்பவை. இந்த முறை விட்டுவிடுங்கள். ஸயான், பிரைஸ் கேன்யன், கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு, ஒவ்வொன்றிலும் இரண்டு இரவு. அது போதும்.

வேகஸிலிருந்து ஸயானுக்கு சுமார் 160 மைல், மூன்று மணி நேரம். யூட்டாவுக்குள் நுழைந்ததும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் போய்விடும், கணக்கில் வையுங்கள். மார்ச் முதல் நவம்பர் வரை பள்ளத்தாக்குச் சாலையில் சொந்தக் காரை விடமாட்டார்கள், இலவசப் பேருந்துதான். ஜூனில் மதிய வெயில் 38 டிகிரியைத் தாண்டக்கூடும் என்பதால் காலை ஏழு மணிக்கே ஏறி, நேராகக் கடைசி நிறுத்தத்துக்குப் போங்கள். அங்கிருந்து ஆற்றை ஒட்டி ஒரு மைல் நீளத்துக்குத் தளம் போட்ட பாதை இருக்கிறது. ஏற்றம் அதிகமில்லை. இரண்டு பக்கமும் செம்பாறைச் சுவர், சில இடங்களில் பாறையிலிருந்தே தண்ணீர் சொட்டும், அந்த ஈரத்தில் பாசியும் செடியும் தொங்கும். அம்மா எங்கே போதும் என்கிறாரோ அங்கேயே திரும்பிவிடலாம்.

பிரைஸுக்கு இரண்டு மணி நேரம்தான். 1930-இல் திறந்த, ஒரு மைலுக்கும் சற்று அதிக நீளமான சுரங்கச் சாலை வழியாகப் போவீர்கள். நடுநடுவே பாறையைக் குடைந்து ஜன்னல் வைத்திருக்கிறார்கள். இருட்டில் ஒரு நொடி பள்ளத்தாக்கு பளிச்சென்று தெரிந்து மறையும். அப்பாவை அந்தப் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள்.

பிரைஸில் பலர் ஏமாறுவது குளிரில். பூங்காச் சாலை முடியும் ரெயின்போ பாயிண்ட் 9,115 அடி, அதாவது நம் தொட்டபெட்டாவைவிட உயரம். ஜூனிலும் விடியற்காலை ஸ்வெட்டர் வேண்டும். கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்கலாம். இருவரில் யாருக்காவது இதய நோயோ ஆஸ்துமாவோ இருந்தால் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். சன்ரைஸ் பாயிண்டுக்கும் சன்செட் பாயிண்டுக்கும் நடுவே அரை மைல் சமதளப் பாதை. சூரியன் மேலே வரும்போது கீழே பள்ளத்தில் நிற்கும் கல்தூண்கள் ஒவ்வொன்றாக உள்ளிருந்து விளக்கேற்றியதுபோல் சிவக்கும். என்னைக் கேட்டால் இந்தப் பயணத்தின் உச்சமே அந்த அரை மணி நேரம்தான்.

அங்கிருந்து கிராண்ட் கேன்யனுக்குப் போகும் நாள்தான் நீண்ட ஓட்டம், ஐந்து மணி நேரத்துக்கு மேல். பேஜ் ஊரில் நிறுத்திச் சாப்பிடுங்கள். அங்கே போன் அரிசோனா நேரத்தையும் பக்கத்து நவஹோ பழங்குடியினர் நிலத்தின் நேரத்தையும் மாற்றி மாற்றிக் காட்டும், குழம்ப வேண்டாம். கேமரன் வழியாகக் கிழக்கு வாசலில் நுழைந்தால் 1932-இல் கட்டிய டெசர்ட் வியூ கோபுரத்தடியில் முதல் தரிசனம். காரிலிருந்து சில நிமிட நடைதான்.

அப்புறம், கிராண்ட் கேன்யன் என்று வேகஸில் விற்கும் கண்ணாடிப் பாலச் சுற்றுலா வேறு இடம். அது ஹுவாலபாய் பழங்குடியினரின் நிலம்; தேசியப் பூங்கா பாஸ் அங்கே செல்லாது. மூன்று பூங்காவுக்கும் காருக்குத் தலா 35 டாலர். 80 டாலர் வருடாந்தர பாஸ் அதைவிட லாபம். ஆனால் 2026 முதல் வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம் இருப்பதால், பெற்றோரை வைத்துக்கொண்டு கிளம்பும்முன் பூங்காத் துறையின் தளத்தில் விதியைப் படித்துவிடுங்கள்.

பல இடங்களில் சிக்னல் கிடைக்காது, வரைபடத்தை முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். ஒரு ஐஸ் பெட்டி, சின்ன ரைஸ் குக்கர், ஊறுகாய் இருந்தால் சாப்பாட்டுக் கவலை பாதி தீரும். கடைசி நாள் வேகஸுக்கு சுமார் 280 மைல், நாலரை மணி நேரம். விமானத்தை மாலை ஏழுக்குப் பிறகு போடுங்கள். காலையில் விளிம்பில் இன்னொரு முறை நின்றுவிட்டுக் கிளம்பலாம்.