பதில்: தோளில் வைத்துச் சுடும் ட்ரோன் எதிர்ப்பு ஆயுதம், சந்தை அளவைக் கணக்கிடுவது எப்படி?

தோளில் வைத்து ஏவும் ஸ்டிங்கர் ஏவுகணைக்கு மாற்று தேடி அமெரிக்க ராணுவம் 2022-இல் விட்ட தகவல் கோரிக்கையை ஆர்டராக எண்ணிச் சந்தை அறிக்கை எழுதிவிட்டேன், மேலாளர் திருப்பி அனுப்பிவிட்டார் என்கிறீர்கள். அவர் செய்தது சரிதான். பெண் பார்க்க வந்ததையே கல்யாணம் என்று எழுதிவிட்டீர்கள்! தகவல் கோரிக்கை என்றால், 'யாரிடம் என்ன இருக்கிறது, எப்போது தர முடியும்' என்ற விசாரிப்பு மட்டுமே. வாங்கும் கடமை எதுவும் கிடையாது. 2023-இல்தான் ரேதியான், லாக்ஹீட் மார்ட்டின் என்ற இரண்டு நிறுவனங்களையும் போட்டிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். அதுவும் உருவாக்கிக் காட்டுவதற்குத்தான்.

அதைவிடப் பெரிய சிக்கல், அறிக்கையில் எல்லா ட்ரோனையும் ஒரே கூடையில் போட்டிருப்பது. ஸ்டிங்கர், ஏவு குழாயோடு சுமார் 15 கிலோ. இலக்கின் வெப்பத்தைத் தேடிப் போவது. ஷாஹெத் 136 என்ற பெரிய ஈரானியத் தாக்குதல் ட்ரோனில் பெட்ரோல் எஞ்சின் இருப்பதால் பிடிக்க ஏதோ சூடு கிடைக்கும். பேட்டரியில் ஓடும் சின்ன குவாட்காப்டரில் (நான்கு விசிறி ட்ரோன்) அது மிகக் குறைவு. கிடைத்தாலும், சில ஆயிரம் ரூபாய்ப் பொம்மைக்குக் கோடிக்கணக்கில் யார் செலவழிப்பார்கள்?

சின்ன ட்ரோன்களை வீழ்த்தும் சந்தையில் போட்டியாளர் வேறு ஆள். பிரிட்டிஷ் ராணுவம் 2023-இல் துப்பாக்கியில் பொருத்தும் ஸ்மாஷ் குறிநோக்கிகளை 46 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. இலக்கு சரியாகப் பொருந்தும் நொடியில்தான் குண்டு வெளியேற விடும் கருவி அது.

ஆகவே அட்டவணையை ட்ரோனின் எடைப்படி பிரித்து, கையெழுத்தான ஒப்பந்தத்துக்கும் விசாரிப்புக்கும் தனித்தனி நெடுவரிசை போடுங்கள். அப்புறம் இங்கே பதிவிடுங்கள், பார்க்கிறேன்.