காசு வந்துடுச்சு, மெயில் லிஸ்ட்ல பேரைக் காணோம்: சில கேள்விகள், பதில்கள்

சின்னதா ஆன்லைன்ல விக்கறவங்க, கிளாஸ் எடுக்கறவங்கதான் இந்த கேள்விய அதிகமா கேக்கறாங்க. இந்த தடவை சேர்ந்தத ஒண்ணா போட்டுடறேன், மேல அவங்க கேள்வி, கீழ என் பதில்.

ஆரி எம்ப்ராய்டரி கிளாஸ் எடுக்கறேன். ரேசர்பேல (ஆன்லைன்ல காசு வாங்கித் தர்ற பேமென்ட் கேட்வே) 499 ரூபா கட்டினதும் வர்ற தேங்க்யூ பேஜ்ல மெயில்சிம்ப் (லிஸ்ட் வெச்சு மொத்தமா மெயில் அனுப்பற சர்வீஸ்) ஃபார்ம் வெச்சிருக்கேன். 40 பேர் கட்டினா லிஸ்ட்ல 25 பேர்தான் இருக்காங்க. மீதி பேர் எங்க போனாங்க?

எங்கயும் போகலைங்க, உங்க தேங்க்யூ பேஜுக்குத்தான் வரல. ஃபோன்ல கட்டறவங்க என்ன பண்றாங்கன்னு பக்கத்துல உக்காந்து பாருங்க. யூபிஐய அமுக்கறாங்க, ஜிபே திறக்குது, பின் போடறாங்க, பச்சை டிக் வருது, அதோட ஃபோன பைல போட்டுட்டு சமையலறைக்கு போயிடறாங்க. உங்க பேஜ் பின்னாடி எங்கயோ சுத்திக்கிட்டு நிக்குது. அவங்கள பொறுத்தவரை வேலை முடிஞ்சுது.

அதனால லிஸ்ட்ல சேர்க்கற வேலைய வாடிக்கையாளரோட பிரவுசர்கிட்ட குடுக்காதீங்க, பேமென்ட் கேட்வேயோட சர்வர் செய்யட்டும். அதுக்குத்தான் வெப்ஹூக். காசு வந்த உடனே ரேசர்பே நீங்க குடுத்த முகவரிக்கு தானா ஒரு தகவல் அனுப்பும், அதுல தொகை, மெயில் ஐடி, ஃபோன் நம்பர் எல்லாம் இருக்கும். கோடு எழுத தெரியலன்னா நடுவுல சேப்பியர், பாப்லி கனெக்ட், நம்ம சென்னை சோஹோவோட சோஹோ ஃப்ளோ இதுல ஏதாவது ஒண்ண வெச்சுக்கலாம், அது வாங்கி மெயில்சிம்புக்கு தள்ளிடும்.

ஒரு இடத்துல மட்டும் கவனம். வெப்ஹூக் செட்டிங்ல எது நடந்தா தகவல் அனுப்பணும்னு கேக்கற நிகழ்வுகள் லிஸ்ட்ல 'பேமென்ட் ஆத்தரைஸ்ட்', 'பேமென்ட் கேப்சர்ட்'னு ரெண்டு இருக்கும். முதல்ல சொன்னது பேங்க் சரின்னு சொன்னதுக்கு, அந்த காசு உங்க கைக்கு வராம திரும்பி போகவும் வாய்ப்பு இருக்கு. டிக் போட வேண்டியது கேப்சர்ட், அதாவது காசு உங்களுக்குன்னு எடுத்தாச்சுன்றது. அப்புறம் டெஸ்ட் மோடுல (நிஜ காசு இல்லாம சோதிச்சு பாக்கறது) வெச்ச வெப்ஹூக் லைவ்ல வேலை செய்யாது, லைவ் மோடுக்கு போய் மறுபடியும் சேர்க்கணும். இத மறந்துட்டு நானே ஒரு ராத்திரி முழுக்க முழிச்சிருக்கேன்.

பொடி, ஊறுகாய் விக்கறோம், கடைல கியூஆர் ஒட்டியிருக்கோம். ஸ்டேட்மென்ட்ல வர்ற மெயில் ஐடியெல்லாம் லிஸ்ட்ல ஏத்தினா 300ம் தப்புன்னு தள்ளிடுது.

அது மெயில் ஐடியே இல்லைங்க! நடுவுல @ இருக்கறதால அப்படி தெரியுது. @ஓகேஆக்சிஸ், @ஒய்பிஎல்னு முடியறதெல்லாம் யூபிஐ ஐடி, அதுக்கு காசு அனுப்பலாம், கடுதாசி அனுப்ப முடியாது. ஒரு கிளையன்ட் கடைல வேலை பாக்கற பையன் எல்லாத்துக்கும் பின்னாடி .காம் சேர்த்து ஏத்திட்டான், லிஸ்ட் ஏத்துக்கிச்சு, மெயில் அனுப்பினப்ப பவுன்ஸ் மழைதான், போய் சேராம எல்லாம் திரும்பி வந்துச்சு. தயவுசெஞ்சு அத பண்ணாதீங்க, பவுன்ஸ் கூடினா நல்ல ஐடிங்களுக்கும் உங்க மெயில் ஒழுங்கா போய் சேராது.

கவுண்டர்ல ஒட்டின கியூஆர்ல மெயில் ஐடி வரவே வராது. வேணும்னா பேமென்ட் லிங்க் அனுப்புங்க, இல்ல பில் போடறப்ப வாயால கேளுங்க.

500 ரூபாய்க்கு மேல வாங்கினவங்கள மட்டும் லிஸ்ட்ல 'ஸ்பெஷல்'ன்ற டேக்ல (பேர் பக்கத்துல ஒட்டற அடையாளம்) சேர்க்க சொன்னேன், எல்லாருமே ஸ்பெஷல் ஆயிட்டாங்க.

தொகை பைசால வருது. 499 ரூபா அங்க 49900. நீங்க 500னு போட்டிருந்தா அது வெறும் 5 ரூபா, எல்லாரும் தாண்டிடுவாங்க. உங்க ஃபில்டர்ல 50000னு போடுங்க. ஸ்ட்ரைப்லயும் இதே கதைதான், டாலர்னா சென்ட்ல வரும்.

ஒரே ஆளுக்கு வெல்கம் மெயில் ரெண்டு, சில நாள் மூணு போகுது. வெக்கமா இருக்கு.

முதல்ல வெப்ஹூக் செட்டிங்க திறந்து பாருங்க, 'பேமென்ட் கேப்சர்ட்', 'ஆர்டர் பெய்ட்' ரெண்டுலயும் டிக் இருக்கும்னு நினைக்கறேன். ஒரே காசுக்கு ரெண்டு தகவல் வரும், ஒண்ண எடுத்துடுங்க.

அப்பவும் நிக்கலன்னா, உங்க பக்கம் பதில் சொல்ல லேட் ஆகுது. ரேசர்பே 5 செகண்டுக்குள்ள 'வாங்கிட்டேன்'னு பதில் எதிர்பாக்கும், வரலன்னா போகலன்னு நினைச்சு திரும்ப திரும்ப அனுப்பும், 24 மணி நேரம் வரைக்கும். அதுக்குள்ளயும் சரியாகலன்னா அந்த வெப்ஹூக்கயே நிறுத்திடும். அதனால தகவல் வந்ததும் மொதல்ல சரின்னு சொல்லிடணும், மெயில்சிம்ப்ல சேர்க்கற வேலைய அப்புறமா பண்ணணும். ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு நிகழ்வு எண் வரும், அத ஒரு ஷீட்ல எழுதி வெச்சு ஏற்கனவே பாத்த எண்ணா இருந்தா விட்டுடுங்க.

கோடு எழுதறவங்க கூட இருந்தா வெப்ஹூக் சீக்ரெட்டயும் (தகவல் நிஜமாவே ரேசர்பேகிட்ட இருந்துதான் வந்துச்சான்னு பாக்க உதவற ரகசிய சொல்) சரிபாக்க சொல்லுங்க. இல்லன்னா அந்த முகவரி தெரிஞ்ச எவனும் பொய்யா ஒரு பேமென்ட் தகவல் அனுப்பி உங்க கோர்ஸ் லிங்க்க ஓசில வாங்கிட்டு போயிடலாம்.

லிஸ்ட்ல 'வாய்ட்'னு ஆரம்பிச்சு ரேசர்பேன்னு முடியற ஒரு ஐடிதான் திரும்ப திரும்ப வருது. யாரு அவரு?

அப்படி ஒரு ஆளே இல்ல. மெயில் ஐடி கட்டாயம் இல்லன்னு விட்டுட்டா, போடாதவங்களுக்கு அந்த வெத்து ஐடி வந்து உக்காந்துக்கும். ஃபார்ம்ல மெயில கட்டாயமாக்குங்க, நடுவுல இருக்கற ஃப்ளோல இந்த ஐடிய தடுத்துடுங்க. அப்படியே ஜிமெயில 'ஜிமைல்', 'காமில்'னு தப்பா அடிச்சதயும் வாரத்துக்கு ஒரு தடவை கண்ணால பாத்துடுங்க.

காசு கட்டினவங்க எல்லாரும் நம்ம கஸ்டமர்தானே, தீபாவளி ஆஃபர் மெயில் அனுப்பினா என்ன தப்பு?

ரசீது, கிளாஸ் லிங்க், பார்சல் எங்க இருக்குன்ற தகவல் இதெல்லாம் கேக்காமலே அனுப்பலாம், அத வாங்கத்தான் காசு குடுத்திருக்காங்க. ஆஃபர் மெயில் வேற. காசு கட்டற ஃபார்ம்லயே 'புது கிளாஸ் விவரம் மெயில்ல வேணும்'னு ஒரு பெட்டி வைங்க, நீங்களே டிக் போட்டு வெச்சுடாதீங்க, அவங்க போடட்டும். டிக் போட்டவங்களுக்கு மட்டும் ஆஃபர் மெயில். பாதி பேர் போட மாட்டாங்கன்னு பயப்படறீங்க, தெரியுது. ஆனா வேண்டாத மெயில்னு அவங்க 'ஸ்பேம்' பட்டன அமுக்கினா நஷ்டம் இன்னும் பெருசு. ஒரு நாளைக்கு 5000 மெயிலுக்கு மேல ஜிமெயிலுக்கு அனுப்பறவங்களுக்கு 2024 பிப்ரவரில இருந்து கூகுள் ரூல் இருக்கு: எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் (மெயில் நிஜமாவே உங்ககிட்ட இருந்துதான் வருதுன்னு காட்டற செட்டிங்குகள்) மூணும் வேணும், ஒரே கிளிக்ல விலகற வசதி வேணும், ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்த தொடக்கூடாது. ஆயிரம் மெயிலுக்கு மூணு பேர் அமுக்கினாலே அந்த கோட்ட தொட்டுடுவீங்க.

இன்னொண்ணு, போன வருஷம் அன்சப்ஸ்கிரைப் பண்ணவர் இப்ப மறுபடி ஏதோ வாங்கினா, உங்க ஃப்ளோ அவர சத்தமில்லாம திரும்ப லிஸ்ட்ல போட்டுடும். மெயில்சிம்ப்ல புதுசா வர்றவங்களுக்கு மட்டும் 'சப்ஸ்கிரைப்ட்'ன்ற நிலைய வை, பழையவங்கள தொடாதன்னு சொல்ல வழி இருக்கு, அத வைங்க.

ரீஃபண்ட் குடுத்தவர லிஸ்ட்ல இருந்து தூக்கணுமா?

தூக்க வேணாம். 'வாங்கினவர்'னு இருக்கற டேக்க மட்டும் எடுங்க, இல்லன்னா காசு திரும்ப வாங்கினவருக்கு 'கிளாஸ் எப்படி இருக்கு?'ன்னு மெயில் போகும். ரீஃபண்டுக்கும் தனி வெப்ஹூக் நிகழ்வு இருக்கு.

இவ்வளவும் வேணுமா சார்? மாசத்துக்கு 15 பேர்தான் கட்டறாங்க.

வேணவே வேணாம். ஞாயித்துக்கிழமை காலைல காபியோட உக்காந்து ரேசர்பே டாஷ்போர்டுல இருந்து பேமென்ட் ஃபைல இறக்குங்க, கேப்சர்ட்னு இருக்கற வரிய மட்டும் வெச்சு, பெட்டில டிக் போட்டவங்கள லிஸ்ட்ல ஏத்துங்க. பத்து நிமிஷ வேலை. ஒரு நாளைக்கே 15 பேர் வர ஆரம்பிச்சா அப்ப வாங்க, வெப்ஹூக் பேசலாம்.