வெதுவெதுப்பான கடலில் மட்டுமே டைவ் செய்தவன் நான். குளிர்கடலில் மூழ்கிய கப்பல்களைப் பார்க்க டைவிங் கிளப்போடு போகலாமா?

தாராளமாகப் போங்கள். "தண்ணீர் கலங்கல், மீனும் கிடையாது" என்று யாரோ உங்கள் மனதைக் கலைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். பவளப்பாறையைக் காட்டிக் குளிர்கடலை மட்டம் தட்டுகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் கிளப் போனது ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளுக்கு நடுவே இருக்கும் ஸ்காபா ஃப்ளோவுக்கு. முதல் உலகப்போருக்குப் பிறகு அங்கே தடுத்து வைக்கப்பட்டிருந்த ஜெர்மன் கப்பல்களை எதிரியிடம் விடக்கூடாதென்று, 1919 ஜூன் 21 அன்று அவற்றின் ஜெர்மன் தளபதி அட்மிரல் ராய்ட்டரே மூழ்கடிக்கச் சொன்னார். 74இல் 52 மூழ்கின. பெரும்பாலானவற்றைப் பின்னாளில் தூக்கி இரும்புக்கு உடைத்துவிட்டார்கள். நாம் தேடிப்போவது மிச்சமுள்ள மூன்று பெரிய போர்க்கப்பல்களையும், அவற்றைவிடச் சிறிய நான்கு குரூஸர்களையும்தான்.

எல்லோரும் போர்க்கப்பல் என்றுதான் பறப்பார்கள். அவை கவிழ்ந்து கிடக்கின்றன, ஆழமும் அதிகம். எனக்குப் பிடித்தது பக்கவாட்டில் சாய்ந்திருக்கும் 'க்யோல்ன்' குரூஸர். டார்ச் அடிக்காதவரை எல்லாம் ஒரே பச்சைச் சாம்பல். அடித்தால் தகடு முழுக்க வெள்ளையும் ஆரஞ்சுமாக மென்பவளம். அருகே போய் அசையாமல் இருந்தால், சுருங்கியிருந்த சதைக்குள்ளிருந்து பொடிப்பொடி வாய்கள் வெளியே வரும், ஒவ்வொன்றையும் சுற்றி எட்டு இழை. காலில் மாட்டிய துடுப்பை ஒரு உதறு உதறினால் போதும், எல்லாம் உள்ளே போய்விடும். என்னோடு ஜோடியாக டைவ் செய்தவர் பீரங்கியைப் பார்க்கப் போகலாமென்று டார்ச்சை ஆட்டிக்கொண்டே இருந்தார். நான் நகரவில்லை. அன்று இரவு படகில் எனக்குப் 'பாசி மேடம்' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். வைக்கட்டும்.

நான் பயிற்றுநர் இல்லை, அதனால் பின்னூட்டத்தில் சண்டைக்கு வராதீர்கள். ஆனால் தண்ணீர் உள்ளே புகாத டிரைசூட்டை முதன்முதலாக அங்கே போய்ப் போடாதீர்கள். இறங்க இறங்க உள்ளே காற்று விடாவிட்டால் சூட் உடம்பைப் பிடித்து நெருக்கும். விட்ட காற்று காலுக்குப் போனால் தலைகீழாக மேலே இழுக்கும். ஆழமில்லாத இடத்தில் பழகி, பயிற்றுநர் சரி சொன்ன பிறகு பணம் கட்டுங்கள். சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டரும் குளிர்நீருக்கானதாக இருக்கட்டும். அழுத்தக் காற்று விரியும்போதே குளிரும். தண்ணீரும் குளிராக இருந்தால் உள்ளே பனி பிடித்து, காற்று நிற்காமல் கொட்டத் தொடங்கிவிடும். அதனால் படகில் நின்றபடி ரெகுலேட்டர் பட்டனை அழுத்தி அழுத்திச் சோதிக்கிற பழக்கம் அங்கே வேண்டாம்.

இன்னொன்று. 1939 அக்டோபரில் 800க்கும் மேற்பட்டவர்களோடு மூழ்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பல் 'ராயல் ஓக்' அங்கேதான் கிடக்கிறது. அது போர்க்கல்லறை, டைவ் செய்யத் தடை. "சும்மா மேலாக ஒரு சுற்று" என்று எந்தக் குழுவிலும் ஒருவர் கேட்பார். அவரோடு ஜோடி சேராதீர்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். கிளப்புகள் பெரும்பாலும் படகை மொத்தமாகத்தான் வாடகைக்கு எடுக்கும். கடைசி நேரத்தில் ஒருவர் கழன்றுகொண்டால் அவருடைய படுக்கைக்கான காசு யார் தலையில்? எங்கள் தலையில்தான் விழுந்தது. கழன்றவரோ நாங்கள் போட்ட படங்களுக்கெல்லாம் லைக் போட்டுக்கொண்டிருந்தார். கேட்டால் கிளப் பொருளாளர், "பெருந்தன்மையாக இருக்கலாமே" என்கிறார். முன்பணம் கட்டும்முன் இதை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.