தம்பியின் வாயை யாராவது பார்த்தீர்களா?

கேள்வி: என் தம்பிக்கு 41 வயது. மனச்சிதைவு நோய்க்குக் குளோசபின் சாப்பிடுகிறான். சிகரெட்டை விட்டு, வாயில் அடக்கும் புகையிலையான கைனிக்கு மாறினான். போன வாரம் அதையும் நிறுத்த வைத்தேன். தூக்கமில்லை, எல்லாரிடமும் எரிந்து விழுகிறான். புகையிலையை விட்டால் மருந்து உடம்பில் கூடிவிடும் என்று இணையத்தில் படித்து, மாத்திரையைப் பாதியாக்கிக் கொடுக்கிறேன். பல்லில் கறை, அடிக்கடி விக்கல், கீழுதட்டின் உள்ளே வெள்ளையாக ஒரு தோல். பழைய நிலைமைக்குப் போய்விடுவானோ? – வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: போவான், நீங்கள் மாத்திரையை இப்படி உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தால். கைனியை விட்டதால் அல்ல. இன்றே அவன் சிகிச்சை பெறும் இடத்துக்குப் போன் செய்து, எத்தனை நாளாகப் பாதி கொடுக்கிறீர்கள் என்று சொல்லி, அவர்கள் சொல்கிற அளவைக் கொடுங்கள். குளோசபின் தலைவலி மாத்திரை இல்லை. இரண்டு நாளுக்கு மேல் அடியோடு விட்டுப்போனால் பழைய அளவில் மறுபடி தொடங்கவே கூடாது, குறைந்த அளவிலிருந்துதான் ஏற்ற வேண்டும்.

நீங்கள் படித்தது சிகரெட் சமாச்சாரம். அதன் புகையில் உள்ள தார்ப்பொருள்கள் ஈரலைத் தூண்டிக் குளோசபினைச் சீக்கிரம் சிதைத்துவிடும். புகை நின்றால் மருந்து இரத்தத்தில் ஏறும். நிகோடினுக்கு இதில் பங்கில்லை, கைனியில் புகையே கிடையாது. சரி, அவன் சிகரெட்டை நிறுத்தியபோது மருத்துவரிடம் சொன்னீர்களா? இல்லையென்றால் இப்போதாவது சொல்லுங்கள். பகலெல்லாம் தூங்கி வழிகிறான், எச்சில் ஒழுகுகிறது, மலச்சிக்கல் என்றால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கைனி இல்லாத தவிப்பில் மறுபடி சிகரெட்டைப் பற்றவைத்தாலும் அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

எரிச்சலும் தூக்கமின்மையும் நிகோடின் கிடைக்காத தவிப்பு. முதல் வாரம் படுத்தும், மூன்று நான்கு வாரத்தில் அடங்கும். காதில் குரல் கேட்கிறது, சோற்றில் ஏதோ கலந்துவிட்டீர்கள் என்று பேச ஆரம்பித்தால் அது வேறு கதை. மனநலக் கழகத்தின் 6389 2222 எண்ணை நள்ளிரவானாலும் அழைக்கலாம். பல் கறையைச் சுத்தம் செய்துகொள்ளலாம். விக்கலை மறந்துவிடுங்கள்.

அப்புறம், போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, உதட்டுக்குள் வெள்ளைத் தோல் என்று. இந்தக் கடிதத்தில் எனக்குக் கவலை தருவது அது ஒன்றுதான். மனநோய் உள்ளவர் என்றால் வீட்டாரும் சரி, மருத்துவத் துறையில் உள்ள எங்கள் ஆட்களும் சரி, மனதையே பார்த்துக்கொண்டிருப்போம். வாயைத் திறக்கச் சொல்ல யாருக்கும் தோன்றாது. கைனியை உள்ளங்கையில் சுண்ணாம்போடு கசக்கி, தட்டி, உதட்டுக்குள் ஒரே இடத்தில் அடக்குகிறார்கள். சுண்ணாம்பு நிகோடினைச் சட்டென்று இரத்தத்தில் ஏற்றும், அந்த இடத்தையும் புண்ணாக்கும். கைப்பேசி வெளிச்சத்தில் உதட்டை இழுத்துப் பாருங்கள். சுத்தமான துணியால் துடைத்தும் வெள்ளை போகவில்லையா? நடுவே சிவப்பு தெரிகிறதா? தொட்டால் கெட்டியாக இருக்கிறதா? இரண்டு வாரமாக ஆறாத புண் உண்டா? வலிக்கவில்லை என்பான். வாய்ப்புற்று தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை, அதுதான் அதில் சங்கடம்.

கைனியை நிறுத்திய சில வாரங்களில் இப்படிப்பட்ட திட்டுகள் பல தானாகவே மறையும். அதற்காகக் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே காட்டுங்கள். பலதுறை மருந்தகத்திலோ பல் மருத்துவரிடமோ போனால், தேவைப்பட்டால் நேஷனல் டென்டல் சென்டருக்கு அனுப்புவார்கள். சின்னத் துணுக்கு எடுத்துப் பரிசோதிக்க நேரலாம். கைனிக்கு இங்கே 2016 ஆகஸ்ட் 1 முதல் தடை என்பதால் பலர் வாயே திறப்பதில்லை. எங்கே வாங்கினான் என்பதில் எனக்கு அக்கறையில்லை. எந்தப் பக்கம் அடக்கினான், எத்தனை வருடமாக? அதைச் சொன்னால் போதும்.

விட்டதைத் தக்கவைக்க வெறும் மனஉறுதியை நம்ப வேண்டாம். அவனுக்கு நான் முதலில் யோசிப்பது தோலில் ஒட்டும் நிகோடின் ஒட்டுவில்லை. வாய்க்கு ஓய்வு கிடைக்கும். நிகோடின் கம் என்றால் மருந்தாளரிடம் கேட்டு வாங்குங்கள். கைனியை அடக்கிய அதே இடத்தில் அதையும் அடக்கக் கூடாது. புகையிலைப் பழக்கத்தை நிறுத்த உதவும் வரெனிக்லின் மாத்திரை மனதைக் கெடுக்கும் என்ற பயமும் இணையத்தில்தான் கிடைத்திருக்கும். 2016-இல் வெளிவந்த பெரிய ஆய்வில் புகைப்பவர்கள் 8,000-க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள், பாதிப் பேர் மனநோய் உள்ளவர்கள். மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட வரெனிக்லினால் மனதுக்கு அதிகப் பாதிப்பு தெரியவில்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் அதே ஆண்டு அதன் மேல் போட்டிருந்த கறுப்புக் கட்ட எச்சரிக்கையை, அதாவது மிகக் கடுமையான எச்சரிக்கையை, எடுத்துவிட்டது. ஆனால் அதே பழக்கத்தை நிறுத்த பியூப்ரோபியோன் என்ற மாத்திரையை யாராவது தருகிறேன் என்றால், குளோசபின் சாப்பிடுகிறான் என்று சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் வலிப்பு வரும் வாய்ப்பு கூடும். எதைத் தொடங்குவதானாலும் அவனுடைய மனநல மருத்துவரைக் கேட்டுத்தான். பேச்சுத் துணைக்கு, புகைப்பழக்கத்தை நிறுத்துபவர்களுக்கான உதவி எண் 1800 438 2000 இருக்கிறது.

பல் மருத்துவரிடம் போகும்போது அவனுடைய மாத்திரைகளை அட்டையோடு எடுத்துப் போங்கள். கைனி விஷயத்தை அவனே சொல்லட்டும். சொல்லாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள்.