தண்ணீர் கேன் தூக்க எந்தப் பயிற்சி?

கேள்வி: எனக்கு வயது 48. தண்ணீர் கேனைத் தூக்கி டிஸ்பென்ஸரில் கவிழ்ப்பதற்குள் கை நடுங்கிவிடுகிறது. மகன் செல்லும் ஜிம்மில் அதிக எடையை ஐந்து முறை மட்டும் தூக்கச் சொல்கிறார்கள். என் தங்கையோ, சிறிய டம்பெல்லை இருபது முறை தூக்கினாலே போதும் என்கிறாள். நான் எதைப் பின்பற்றுவது?
வாசகி, திருச்சி

பதில்: இருவர் சொல்வதிலும் பிழையில்லை, நோக்கம்தான் வேறு. ஒரே ஒரு முறை தூக்க முடிகிற எடையில் 85 சதவீதமோ அதற்கு மேலோ எடுத்து, ஐந்து முறைக்குள் நிறுத்திக்கொள்வது உச்ச வலிமையை வளர்க்கும். குறைந்த எடையைப் பலமுறை தூக்குவது, தசை விரைவில் களைத்துப்போகாமல் இருக்கப் பழக்கும். தசை பருக்க வேண்டும் என்பவர்கள் 6 முதல் 12 முறை வரை தூக்குவது வழக்கம்.

உங்கள் கேன் 20 கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். அதை ஒரு முறைதான் தூக்குகிறீர்கள், இருபது முறை அல்ல. ஆகவே உங்களுக்கு வேண்டியது வலிமை. அதற்காக முதல் நாளே மகனின் எடையைத் தொட வேண்டாம். தூக்கும் முறை உடம்புக்குப் பழகுவதற்கு முன் பாரம் ஏற்றினால் முதுகுதான் பிடித்துக்கொள்ளும்.

ஐந்து கிலோ அரிசிப் பையிலிருந்து தொடங்குங்கள். (பாதி நிரம்பிய கேன் வேண்டாம், தண்ணீர் அலம்பி மணிக்கட்டை இழுக்கும்.) பையை மார்போடு அணைத்தபடி நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, முதுகை வளைக்காமல் இடுப்பை மடித்துத் தரையிலிருந்து அதைத் தூக்குவது, மார்பு உயரத்திலிருந்து தோளுக்கு மேல் உயர்த்துவது ஆகிய மூன்றையும் வாரம் இரண்டு நாள், பத்துப் பத்து முறையாக மூன்று சுற்று செய்யுங்கள். சுற்றுகளுக்கு நடுவே இரண்டு நிமிடம் ஓய்வு போதும். பன்னிரண்டு முறை சிரமமின்றி வந்தால் ஒரு கிலோ கூட்டலாம். இரண்டாம் உலகப்போரில் காயமுற்ற வீரர்களுக்கு அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம் 1940களில் அளித்த பயிற்சியின் அடிப்படையும் இப்படிப் படிப்படியாக எடை கூட்டுவதுதான்.

தூக்கும்போது மூச்சை அடக்காதீர்கள். ரத்த அழுத்தமோ மூட்டுவலியோ இருந்தால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். பை 15 கிலோவை எட்டிய பிறகு, எடையைக் கூட்டி, எண்ணிக்கையை ஐந்தாகக் குறைத்து, ஓய்வை மூன்று நிமிடமாக்குங்கள். மகனின் ஜிம்மில் சொன்ன முறை அப்போது உங்களுக்கும் பொருந்தும்.